ஊதச் சொன்னால்... குடிபோதை வழக்கும் வக்கீலின் கேள்விகளும்

2024-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி பின்னிரவில், நம் புனேயின் கல்யாணி நகரில் போர்ஷ் கார் ஒன்று மோட்டார் சைக்கிளில் மோதி இரண்டு இளம் கம்ப்யூட்டர் இன்ஜினீயர்கள் உயிரிழந்ததை அன்பர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவன் பதினேழு வயதுப் பையன். அன்றைக்கே ஜாமீன் கிடைத்ததும், விபத்தைப் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் நாடெங்கும் பேச்சாயிற்று. அன்று முதல் நம் சங்கத்தில் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி எழாமல் போவதில்லை. "குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொல்பவனுக்கு வக்கீல் ஒரு கேடா? அந்த வக்கீல் கோர்ட்டில் அப்படி என்னதான் பேசுவார்?"

நான் சட்டம் படித்தவனல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிப்பதில் காலம் கழித்தவன். ஆனால் சிவாஜி நகர் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்யும் வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்கக் கேட்க, அவர் சொல்வதெல்லாம் எனக்குப் பழகிய சமாசாரமாகவே இருந்தது. எங்கள் அகலப் பாதையின் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை அளந்து எழுதுமுன் அளக்கும் கருவியையே முதலில் சரிபார்க்க வேண்டும். யார் அளந்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். குடிபோதை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

முதலில் "வக்கீல் எதற்கு" என்பதை முடித்துவிடுவோம். கைது செய்யப்பட்டவர் தமக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருமுறை வக்கீல்கள் சங்கம், குறிப்பிட்ட சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பரில், இப்படிப்பட்ட தீர்மானங்கள் சட்டத்துக்கும் வக்கீல் தொழிலின் தர்மத்துக்கும் விரோதமானவை, செல்லாதவை என்று தீர்ப்பாயிற்று. முகம்மது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்பது அந்த வழக்கின் பெயர்.

இனி அளவுக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. இங்கிலாந்தில் இது 80. நம் சட்டம் அதைவிட மிகக் கண்டிப்பானது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது பதினைந்தாயிரம் அல்லது இரண்டும். சிக்னலைத் தாண்டியதற்குக் கட்டுவதுபோல் ரோட்டிலேயே பணம் கட்டித் தீர்க்கக்கூடிய குற்றம் அல்ல இது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் போய் நின்றே ஆக வேண்டும். ஆகவே நாகாபந்தியில் யாராவது "இங்கேயே முடித்துக்கொள்ளலாம்" என்றால் அது என்ன வகைப் பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 42.8 சதவீத விஸ்கியில் ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லிலிட்டர், சுமார் 10 கிராம் ஆல்கஹால். அறுபது கிலோ எடையுள்ள ஆண் அதை ஒரே மடக்கில் குடித்தால் ரத்தத்தில் ஏறக்குறைய 25 மில்லிகிராம் ஏறும். லார்ஜ் என்றால் 50. பெண்களுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் இன்னும் அதிகம். "ஒரே ஒரு பெக்தானே" என்பவர் லார்ஜைக் குடித்திருந்தால் சட்டத்தின் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். இன்னொரு சாக்கும் அடிக்கடி காதில் விழுகிறது. "தசமூலாரிஷ்டம் சாப்பிட்டேன், அதனால்தான் மெஷின் காட்டியது" என்பார்கள். அரிஷ்டத்தில் தானாக ஊறும் ஆல்கஹால் எட்டு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 30 மில்லிலிட்டர் குடித்தால் அதே மனிதருக்கு ஏறுவது 5 மில்லிகிராம்கூட இராது. நல்ல வக்கீல் இந்த வாதத்தைத் தொடவே மாட்டார்.

ஆனால் வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் வேறு விஷயம். போலீஸார் நீட்டும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு சிறிய மின்கலம் இருக்கிறது. ஊதும் காற்றிலுள்ள ஆல்கஹால் அதிலுள்ள பிளாட்டினத் தகட்டில் ஆக்சிஜனோடு சேரும்போது மின்சாரம் உண்டாகிறது. எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு ஆல்கஹால். நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூச்சில் 2100 மில்லிலிட்டருக்கு இருக்கும் ஆல்கஹாலும், 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருப்பதும் சமம் என்று வைத்துக்கொண்டு கருவி கணக்குப் போடுகிறது. இந்த 2100 என்பது சராசரி எண். மனிதருக்கு மனிதர் கொஞ்சம் மாறும். சற்றுமுன் வாய் கொப்பளித்த மருந்தோ, ஏப்பமோ இருந்தால், நுரையீரல் காற்றுக்குப் பதில் வாய்க்காற்றை அளந்து கூடுதலாகக் காட்டிவிடும். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதினால் வாயில் இருந்தது போய்விடும். ரத்தத்தில் இருப்பது போகாது. ஆகவே வக்கீல் கேட்பார்: கருவி மத்திய அரசு அங்கீகரித்த மாடல்தானா? கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள்? இவர் ஊதுமுன் வெறுங்காற்றில் பூஜ்யம் காட்டியதா? புதிய குழாய் போட்டார்களா? அச்சடித்த சீட்டில் நேரம் என்ன? இவற்றை எல்லாம் குதர்க்கம் என்று நினைப்பவர்கள், சரிபார்க்காத கேஜை நம்பி ரயிலை விடச் சம்மதிப்பார்களா?

நேரத்தைச் சட்டமே கறாராகச் சொல்கிறது. 202-ஆவது பிரிவின்படி, 185-இல் கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். காரணம் எளிது. உடம்பு ஒரு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் ஆல்கஹாலை எரித்துக்கொண்டே இருக்கிறது. சாட்சி ஒவ்வொரு நிமிஷமும் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஊத மறுத்துத் தப்பிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள 205-ஆவது பிரிவு வழி செய்கிறது.

ரத்தம் எடுப்பதற்கும் முறை உண்டு. ஊசி போடுமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்பது முதல் பாடம். துடைத்தால் ஸ்பிரிட்டே அளவில் வந்து சேரும். குப்பியில் உறையாமலும் கெடாமலும் இருக்க மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் கிருமிகளே ரத்தத்தில் ஆல்கஹாலை உண்டாக்கிவிடும். சீல், லேபிள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, நடுவில் எங்கே வைத்திருந்தார்கள் என்ற பதிவு, இவை எல்லாம் வேண்டும். சல்மான் கான் வழக்கில் இதுதான் நடந்தது. 2002 செப்டம்பரில் பாந்த்ராவில் நடந்த விபத்து. ரத்தத்தில் 62 மில்லிகிராம் என்று ரிப்போர்ட். 2015 மே மாதம் செஷன்ஸ் கோர்ட் ஐந்து வருஷம் தண்டனை கொடுத்தது. ஆனால் எடுத்தது 6 மில்லிலிட்டர், ஆய்வுக்கூடத்துக்கு வந்தது 4 மில்லிலிட்டர் என்றும், நடுவில் பாதுகாப்பு சரியில்லை என்றும் எதிர்த்தரப்பு வாதாடியது. மற்றச் சாட்சியங்களிலும் ஓட்டைகள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எனக்கும் அப்போது கோபம் வந்தது. நடைபாதையில் படுத்திருந்தவர் இறந்தது நிஜமல்லவா? ஆனால் பதிவேட்டைச் சரியாக வைக்காத தவறை, கேள்வி கேட்ட வக்கீலின் தலையில் கட்டுவது முறையாகாது.

பதிவேடு சரியாக இருந்தால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கும் அதே பாந்த்ராவில் சாட்சி இருக்கிறது. 2006 நவம்பர் 12 அன்று கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயம். ஓட்டிய அலிஸ்டர் பெரேராவின் ரத்தத்தில் 0.112 சதவீதம், அதாவது 112 மில்லிகிராம். விசாரணைக் கோர்ட் ஆறு மாதம் மட்டும் கொடுத்தது. உயர் நீதிமன்றம், இது வெறும் அஜாக்கிரதை அல்ல, ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்த காரியம் என்று சொல்லி இந்தியத் தண்டனைச் சட்டம் 304-இன் இரண்டாம் பகுதியில் மூன்று வருஷமாக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அஜாக்கிரதைக்கு அப்போது உச்சபட்சம் இரண்டு வருஷம். 304 இரண்டாம் பகுதிக்குப் பத்து வருஷம் வரை. இப்போது 2024 ஜூலை 1 முதல் அமலான நியாய சன்ஹிதாவில் இவை 106, 105 என்று எண் மாறிவிட்டன. அஜாக்கிரதைக்கும் ஐந்து வருஷம் வரை என்று உயர்ந்திருக்கிறது. இந்த இரண்டில் எது பொருந்தும் என்பதுதான் இன்றைய பெரிய விபத்து வழக்குகளில் வக்கீல்களின் முக்கியப் போராட்டம். அந்தப் போராட்டத்தின் நடுவில் நிற்பது ஒரு சின்னக் குப்பி ரத்தம்.

இங்கேதான் கல்யாணி நகர் விஷயம் மற்ற வழக்குகளிலிருந்து வேறாகிறது. விபத்து நடந்தது இரவு சுமார் இரண்டரை மணி. சசூன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததாகச் சொல்லப்படுவது காலை பதினொரு மணி வாக்கில். எட்டரை மணி நேரம். மணிக்கு 15 வீதம் என்றால் 127 மில்லிகிராம் எரிந்து போயிருக்கும். பெரேராவின் ரத்தத்தையே அத்தனை நேரம் கழித்து எடுத்திருந்தால் பூஜ்யம் வந்திருக்கும்! இது முதல் ஓட்டை. இரண்டாவதுதான் பயங்கரம். பையனின் ரத்தத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொருவர் ரத்தத்தை அவன் பெயரில் வைத்துவிட்டார்கள் என்று போலீஸ் குற்றம் சாட்டி, ஆஸ்பத்திரியைச் சேர்ந்த இரண்டு டாக்டர்களையும் ஒரு ஊழியரையும் மே 27 அன்று கைது செய்தது. அவுந்து ஆஸ்பத்திரியில் தனியாக இன்னொரு மாதிரி எடுத்து டி.என்.ஏ. பார்த்ததால்தான் இந்தச் சந்தேகம் வெளியே வந்தது. மாற்றி வைத்தது தாயாரின் ரத்தம் என்பது போலீஸ் தரப்பு வாதம், அவரும் கைதானார். இவை எல்லாம் கோர்ட்டில் முடிவாக வேண்டியவை. பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீஸின் மனுவை 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் தள்ளுபடி செய்துவிட்டது.

குப்பியைக் கேள்வி கேட்பது ஒன்று, குப்பியை மாற்றுவது வேறொன்று. முன்னதில் உண்மை வெளியே வரும் வழி இருக்கிறது. பின்னது நடந்துவிட்டால் குற்றவாளியும் தப்பிப்பான், நாளைக்கு நிரபராதி ஒருவன் "என் ரத்தத்தைப் பாருங்கள்" என்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். வக்கீல்களே இந்தக் கோட்டைத் தாண்டியதும் உண்டு. 1999 ஜனவரியில் தில்லி லோதி காலனியில் பி.எம்.டபிள்யூ. கார் ஆறு பேரைக் கொன்ற வழக்கில், எதிர்த்தரப்பின் மூத்த வக்கீல் ஆர்.கே. ஆனந்த் ஒரு சாட்சியைக் கலைக்கப் பார்த்தது 2007-இல் ரகசியக் காமிராவில் பதிவாகி டெலிவிஷனில் வந்தது. தில்லி உயர் நீதிமன்றம் அவரைக் கோர்ட் அவமதிப்புக் குற்றவாளி என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

இன்னொன்று, கிரிமினல் கோர்ட்டில் தப்பினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் தப்ப முடியாது. தில்லியில் 2007-இல் ஒரு போர்ஷ் கார் (இதுவும் போர்ஷ்தான்!) மோதி நாசமாயிற்று. மூச்சும் ஊதவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. ஆகவே குடித்தது நிரூபணமாகவில்லை என்று காரின் சொந்தக்காரக் கம்பெனி நஷ்ட ஈடு கேட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டெஸ்ட் இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளிலிருந்து போதையை ஊகிக்கலாம் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டது.

இனி கஞ்சா. நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும், வேலை செய்யும் இடங்களில் இந்தப் பேச்சு இல்லை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வதில் பயனில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா; அதனால்தான் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு இந்தச் சட்டத்தில் வரவில்லை. ஆனால் மகாராஷ்டிரத்தின் மதுவிலக்குச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் பாங்கும் லைசென்ஸுக்கு உட்பட்டது. ஹோலிக்கு வடக்கே குடிக்கிறார்களே என்று இங்கே வாதாடிப் பயனில்லை. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு: ஒரு வருஷம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வியாபார அளவு: பத்து முதல் இருபது வருஷம், ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. இடைப்பட்டதற்குப் பத்து வருஷம் வரை. தண்டனை தராசில் தொங்குவதால் வக்கீலின் முதல் கேள்வியும் தராசைப் பற்றியதுதான். பிடித்தது பச்சைச் செடியா, காய்ந்ததா? இலையும் தண்டும் வேரும் சேர்த்து எடை போட்டார்களா, நுனியை மட்டும் பிரித்தார்களா?

அடுத்தது சோதனை. உடம்பைச் சோதிக்குமுன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உமக்கு உண்டு என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். இது 50-ஆவது பிரிவு. சொல்லாமல் உடம்பிலிருந்து எடுத்ததை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999-இலும் 2010-இலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வுகள் தீர்ப்பளித்திருக்கின்றன. பைக்கும் காருக்கும் இது பொருந்தாது. பிறகு வாக்குமூலம். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு முக்கியமானது: போதைப் பொருள் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் போலீஸிடம் கொடுத்தது போலத்தான், சாட்சியமாகாது. ஆகவே மராத்தியில் எழுதிய பஞ்சநாமாவில் (நம் ஊரில் மகஜர் என்போம்) படித்துச் சொல்லக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாகவே சிகிச்சைக்குப் போனால், உபயோகம் அல்லது சிறிய அளவு சம்பந்தமான வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்க 64-ஏ பிரிவு இருக்கிறது. இது பலருக்கும் தெரிவதில்லை. தெரிந்தால் பெற்றோர்கள் மறைத்து மறைத்து அல்லாட வேண்டியிராது.

கஞ்சா அடித்துவிட்டு வண்டி ஓட்டினால்? ஆல்கஹாலுக்கு உள்ளது போல் 30 என்ற எண் இங்கே கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். கஞ்சாவின் சுவடு சிறுநீரில் நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில்கூட இருக்கும். போதை சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆகவே சிறுநீர்ச் சோதனை ஒன்று மட்டும் அன்றைய நிலையைச் சொல்லாது. அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய அளவில் வந்தது. மருந்தாகக் கஞ்சா உபயோகிக்க மிச்சிகன் மாநிலம் 2008-இல் அனுமதித்தது. ரத்தத்தில் கஞ்சா துளி இருந்தாலும் ஓட்டக் கூடாது என்று அவர்களின் மோட்டார் சட்டமும் இருந்தது. 2013-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அனுமதி பெற்ற நோயாளியைத் துளி இருக்கிறது என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது, போதையில் ஓட்டினார் என்று காட்ட வேண்டும் என்றது. இந்த வழக்குகளுக்கெல்லாம் முன்னோடி ராபர்ட் ராண்டல். பார்வை பறிபோகும் கிளாக்கோமா நோய்க்காக வீட்டில் கஞ்சா வளர்த்துப் பிடிபட்ட அவரை, வேறு வழியில்லாத மருத்துவத் தேவை என்று வாஷிங்டன் கோர்ட் 1976-இல் விடுவித்தது.

இங்கே அந்த வாதம் செல்லாது. அமெரிக்க டாக்டரின் சீட்டு, மாநில அட்டை எதுவும் நம் போதைப் பொருள் சட்டத்தின் முன் கேடயம் ஆகாது. அங்கே கடையில் விற்கும் கஞ்சா கலந்த மிட்டாயைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கினால், அது வெறும் வைத்திருந்த குற்றமல்ல, இறக்குமதிக் குற்றம். இங்கே மருந்தாக வேண்டுமென்றால், விஜயா என்ற பெயரில் லைசென்ஸ் பெற்ற ஆயுர்வேதக் கம்பெனிகள் செய்யும் மருந்துகள் உண்டு. வைத்தியர் சீட்டின் பேரில் வாங்கலாம். சீட்டையும் பில்லையும் மருந்தோடு வைத்திருங்கள். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்ட அந்தச் சீட்டு உத்தரவு ஆகாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவி ஆணையங்கள் சட்டத்தின்படி காவலில் இருப்பவர் யாரானாலும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரும், வருமானம் எதுவாயினும் இலவச வக்கீலுக்கு உரியவர்கள். புனேயில் ஜில்லா சட்ட உதவி ஆணையத்தின் அலுவலகம் சிவாஜி நகர் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. டெலிபோனில் கேட்க 15100.